அப்பாவுக்குத் தாகமே எடுப்பதில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 71. அப்பா பல வருடங்களாகப் பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். அதில் ஒன்று, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை. இந்தக் கோடையில் அவர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாலே அதிகம். கேட்டால், "தாகமே எடுக்கவில்லை, எதற்குக் குடிக்க வேண்டும்?" என்கிறார். போன வாரம் குளித்துவிட்டு வெளியே வரும்போது தலைசுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சின்ன வயதிலிருந்தே நன்றாக நீந்துவார். "உடம்பெல்லாம் வெக்கையாக இருக்கிறது" என்று சொல்லி நீச்சல் குளத்துக்குத் தனியாகவே கிளம்பிவிடுகிறார். தடுத்தால் கோபம் வருகிறது. அம்மாவோ, "வீட்டு நிழலில்தானே இருக்கிறார், ஃபேன் ஓடுகிறது, என்ன ஆகிவிடும்?" என்கிறார். அப்பாவுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டும்? நீந்தவிடலாமா? நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பதில்: நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நீச்சல் குளம் அல்ல, அந்தக் குளியலறைக் கதவு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அப்பாவின் பக்கம் இருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாகம் எடுக்கவில்லை என்று அவர் சொல்வது பிடிவாதத்தில் சொல்லும் சாக்கு இல்லை. அவருக்கு உண்மையிலேயே எடுப்பதில்லை.

1984-ல் வெளியான ஒரு ஆய்வு எங்கள் மருத்துவத் துறையில் எல்லோரும் படித்தது. ஆரோக்கியமான வயதான ஆண்கள் ஏழு பேர், இளைஞர்கள் ஏழு பேர். எல்லோரையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்தார்கள். அதற்குப் பிறகு வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று விட்டார்கள். இளைஞர்களைவிடப் பெரியவர்களின் இரத்தத்தில் உப்பின் அடர்த்தி அதிகமாக ஏறியிருந்தது. அதாவது தண்ணீர் அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால் தாகம் தெரிந்தது குறைவு, குடித்ததும் குறைவு. இத்தனைக்கும் அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை.

இதோடு இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. இளம் வயதில் நம் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். வயதாக ஆகத் தசை குறைவதால் அது 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். கையிருப்பே குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையும்போது சிறுநீரைச் சுண்டவைத்து மிச்சம் பிடிக்கும் திறமையும் சிறுநீரகத்துக்குக் குறைந்துபோகும். வியர்வை தாமதமாகவும் கொஞ்சமாகவும் வரும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ஓட வேண்டிய இரத்தமும் முன்புபோல ஓடாது. சூடாக இருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடுவதால், புழுக்கமான அறையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சிலர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பாவுக்கு வெக்கை தெரிகிறது, குளிர்ந்த நீரைத் தேடிப் போகிறார் என்பது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆகவே தாகம் வந்தால் குடிக்கலாம் என்ற கணக்கு இனி அவருக்குச் சரிவராது. வேளை பார்த்து மாத்திரை போடுவதுபோல, வேளை பார்த்துத் தண்ணீரும் குடிக்க வேண்டும்.

ஆனால் இதை அவரிடம் போய்ச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தை யோசியுங்கள். பெரியவர்கள் தண்ணீரைக் குறைப்பதற்குத் தாகமின்மை மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஒரு பெரியவர் என்னிடம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் தாகம் இல்லை என்றே சொன்னார். நான்காவது முறை அவருடைய மகனைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். அப்போதுதான் சொன்னார்: ஒருநாள் இரவு கழிப்பறைக்குப் போவதற்குள் துணி நனைந்துவிட்டதாம். அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். இதை மகனிடம் எப்படிச் சொல்வார்? மருமகளிடம் எப்படிச் சொல்வார்? அதைவிட, தாகம் இல்லை என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். நீர் மாத்திரை போடுகிறார், வயது 76, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, அதனால் அடிக்கடி சிறுநீர் முட்டவும் வாய்ப்பு உண்டு. நேரடியாகக் கேட்கச் சங்கடமாக இருந்தால் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். இரண்டு மூன்று முறைக்கு மேல் என்றால், குடி குடி என்று வற்புறுத்துவதைவிட அந்தச் சிக்கலைத் தீர்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு வழிகள் இருக்கின்றன. நாளின் தண்ணீரில் முக்கால் பங்கை மாலை ஐந்து ஆறு மணிக்குள் குடித்து முடித்துவிடலாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து இரண்டொரு வாய் மட்டும் போதும். பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கணுக்காலில் நீர் இறங்கித் தேங்கும். இரவு படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அதில் ஒரு பகுதி பகலிலேயே போய்விடும். நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறார் என்று பாருங்கள். மாலையிலோ இரவிலோ போடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே இரவுத் தூக்கம் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு ஒன்று இரவு முழுக்க எரியட்டும். வழியில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது.

சரி, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டிருந்தீர்கள். முதியவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் சொல்லும் அளவு, பானமாக மட்டும் பெண்களுக்கு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர். 200 மில்லி டம்ளரில் கணக்கிட்டால் அம்மாவுக்கு எட்டு, அப்பாவுக்குப் பத்து. அவ்வளவும் வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பால், சூப், பழச்சாறு எல்லாம் கணக்கில் சேரும். டீயும் காபியும்கூடச் சேரும். அவை குடித்ததைவிட அதிக நீரை வெளியே தள்ளிவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் வழக்கமான அளவில் குடிப்பவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. மது சேராது.

இப்போது மூன்று டம்ளரில் இருப்பவரை நாளைக்கே பத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒரு டம்ளராகக் கூட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் வேலைகளோடு கட்டிவிட்டால் மறக்காது: பல் துலக்கியதும் ஒன்று, மாத்திரையோடு முழு டம்ளர் ஒன்று (பலரும் மாத்திரையை அரை வாய் தண்ணீரில் விழுங்கிவிடுகிறார்கள்), ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒன்று, குளிக்கும் முன் ஒன்று. இன்னொன்று, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்பதுதான் பதிலாக வரும். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்களும் ஒரு டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மறதி நோய் உள்ளவர்களிடம்கூட இது வேலை செய்கிறது.

ஆனால் இந்த அளவு எல்லாருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமாகி நீர் கோர்த்துக்கொள்பவர்கள், சிறுநீரகத்தின் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இவர்களுக்கு நான் சொன்ன பத்து டம்ளர் ஆபத்து. அப்பாவுக்கு நீர் மாத்திரை வெறும் பிரஷருக்குத்தானா, இல்லை இதயத்துக்கும் சேர்த்தா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதயத்துக்காக என்றால் மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோர்க்கிறது. அதே வேகத்தில் இறங்கினால் நீர் வற்றுகிறது. இரண்டுக்குமே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. வெயில் என்ற பயத்தில் நான்கு ஐந்து லிட்டர் வெறும் தண்ணீரைக் குடிக்கவைத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற தயசைடு வகை நீர் மாத்திரைகள் சோடியத்தை ஏற்கெனவே குறைக்கக்கூடியவை. அதனால் அப்பா விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் தேவை. ஓ.ஆர்.எஸ். பொடியையும் தினசரிப் பானமாக்காதீர்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, நிறைய வியர்த்துக் கொட்டிய நாள் என்றால் அது அருமையான மருந்து. சும்மா வீட்டில் இருக்கும் பிரஷர்காரருக்கு அது தேவையில்லாத உப்பு.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். வயதானவர்களின் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும், அது எதையும் காட்டாது. சிறுநீரின் நிறம், நாக்கு உலர்ந்திருப்பது இவையும் இந்த வயதில் நம்பகமான அடையாளங்கள் இல்லை. வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், புதிதாக மலச்சிக்கல், பேச்சில் லேசான தடுமாற்றம், எழுந்தால் தலைசுற்றல், முன்பைவிடக் குறைவான தடவை சிறுநீர் போவது, இவற்றைக் கவனியுங்கள். சந்தேகம் என்றால் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி அந்தக் குளியலறைக் கதவு. உடம்பில் நீர் குறைவு, மேலே பிரஷர் மாத்திரை, அதற்கும் மேலே வெந்நீரோ வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீரோ. வெதுவெதுப்பான நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குனிந்து நிமிரும்போது இரத்தம் காலில் தேங்கி, மூளைக்கு ஒரு கணம் போதாமல் போகிறது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். கைக்குக் கதவு எட்டாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தை இடுப்பெலும்பு முறிவு பற்றி எழுதியிருப்பீர்கள். அதனால்தான் அது என்னைக் கவலைப்பட வைத்தது என்றேன். இதை ஒரு முறை நடந்த விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லி ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது பிரஷர் குறைகிறது என்று பொருள். அந்த எண்களை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மற்ற மாதங்களில் சரியாக இருந்த மாத்திரை அளவு கோடையில் அதிகமாகிவிடுவது உண்டு. ஆனால் நீங்களாகவோ அப்பாவாகவோ எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

அதுவரை, உட்கார்ந்து குளிக்க வழுக்காத நாற்காலி போடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பைவிடக் குறைவாக இருக்கட்டும், ஐஸ் போலவும் வேண்டாம். துவட்டுவதும் உடை மாற்றுவதும் உட்கார்ந்தே நடக்கட்டும். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தினால் போதும். ஒரு மரியாதைக்காக, உள்ளே ஆள் இருப்பதைக் காட்டும் அட்டை ஒன்றைக் கதவில் மாட்டிவிடுங்கள்.

அம்மா சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். வெயிலில் நடந்தால்தான் வெப்பம் தாக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் அது சரி. முதியவர்களுக்கு வருவது வேறு மாதிரி: வீட்டுக்குள், நிழலில், இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்ல ஏறுவது. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் சில நாட்கள் நீடித்த வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தங்கள் அறைக்குள் தனியாக இருந்தவர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர், அங்கும் பெரும்பாலோர் முதியவர்கள். இரவிலும் வெக்கை இறங்காமல் இருந்ததுதான் அவர்களை வீழ்த்தியது. பகலில் ஏறிய சூட்டை இறக்க உடம்புக்கு இரவு தேவை. அது கிடைக்காமல் மூன்றாவது நாள் வரும்போது இதயம் களைத்துவிடுகிறது.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அறைக் காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வியர்வை குறைவாக வரும் ஒரு முதியவர் மேல் ஃபேன் வெந்த காற்றைத்தான் வீசும். 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களுக்கு அந்த எல்லையை இரண்டு டிகிரி முன்பே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். ஒரு சின்ன அறை வெப்பமானியை வாங்கி அப்பா உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். அவருடைய உணர்வை நம்ப முடியாத இடத்தில் அந்த எண்ணை நம்பலாம். பகலில் 32 டிகிரிக்குள்ளும் இரவில் 24-க்குள்ளும் அறை இருப்பது நல்லது என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை. எல்லா வீட்டிலும் இது நடக்காது, எனக்குத் தெரியும். நடக்காத நாளில் தோலை நனைத்துவிடுங்கள். கை, முகம், கழுத்து, கால் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து அந்த ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தால், அவர் உடம்பு விடாத வியர்வைக்கு அந்த ஈரம் ஈடுகட்டும். குடிக்கப் பிடிக்காத நேரத்திலும் இது உதவும். பகலில் ஓரிரண்டு மணி நேரமாவது குளிர்ச்சியான ஓர் இடத்தில் இருந்துவிட்டு வந்தால் உடம்புக்கு ஒரு மூச்சு கிடைக்கும். பகலில் வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை, வெளியே காற்று குளிர்ந்த பிறகு ஜன்னல் திறப்பு. அம்மாவும் 71 வயதுக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்பாவைக் கவனிப்பவர் என்பதால் அவர் தன் டம்ளரைத் தள்ளிப்போடுவார்.

குடிக்கும் நீரின் சுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடும் பெரியவர்களுக்குக் கிருமித் தொற்று எளிதில் வரும், ஒரு நாள் வயிற்றுப்போக்கே அவர்களைப் படுக்கவைத்துவிடும். நீரின் சுத்தத்தில் சந்தேகம் இருந்தால் நன்றாகக் கொதித்துக் குமிழி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்து, மூடி வையுங்கள். பாட்டிலைத் தினமும் கழுவுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் அதைக் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீச்சலுக்கு வருவோம். தடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் இந்த வாரம் வேண்டாம். அந்தத் தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்து, நிற்கும்போது பிரஷர் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு போகட்டும். மூட்டை வருத்தாமல் உடம்பைக் குளிர்வித்து, தசையையும் மனதையும் காப்பாற்றும் பயிற்சி இந்த வயதில் வேறு அதிகம் இல்லை. ஐம்பது வருடமாக நீந்துகிறவரைக் கரையில் உட்காரவைத்தால் அவர் உங்களுக்குத் தெரியாமல் போவார். அதைத்தான் நாம் தவிர்க்க வேண்டும்.

அவருக்கு நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியது இது. நன்றாக நீந்துபவருக்கு நீரில் ஆபத்து நீந்தும்போது வருவதைவிட, இறங்கும்போதும் ஏறும்போதும்தான் அதிகம் வருகிறது. வெக்கையோடு வந்து குளிர்ந்த நீரில் சட்டென்று குதித்தால் தோல் அதிர்ந்து மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும், இதயம் படபடக்கும், பிரஷர் ஏறும். 15 டிகிரிக்கும் குளிரான நீரில் இது மிகக் கடுமையாக இருக்கும். முகமும் கூடவே நீருக்குள் போனால் இதயத்தை மெதுவாக்கும் கட்டளை ஒன்றும் அதே நேரத்தில் போகிறது. வேகமாக ஓடு, மெதுவாகப் போ என்று இரண்டு கட்டளைகள் ஒன்றாக வரும்போது வயதான இதயத்தின் துடிப்பு தடம் மாறலாம். ஆகவே குதிக்கக் கூடாது. நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கை, முகம், பிடரி என்று நனைத்து, படியில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்க வேண்டும்.

நீருக்குள் நிற்கும்போது நீரின் அழுத்தம் காலிலிருக்கும் இரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது. இரத்தம் அதிகமாகிவிட்டது என்று உடம்பு தவறாகக் கணக்குப் போட்டுச் சிறுநீரை அதிகமாக்குகிறது. நீந்தி முடித்ததும் எல்லாருக்கும் சிறுநீர் முட்டுவது இதனால்தான். நீரில் இருப்பதால் வியர்ப்பதும் தெரியாது. ஆக, ஒரு மணி நேரம் குளத்தில் இருந்தவர் ஈரமாக வெளியே வந்தாலும் உள்ளே வற்றித்தான் வருகிறார். இறங்கும் முன் ஒரு டம்ளர், ஏறிய பிறகு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். நேரம் 20 முதல் 30 நிமிடம் போதும். ஏறும்போது இன்னொன்று நடக்கிறது. நீரின் அழுத்தம் விலகியதும் மார்பிலிருந்த இரத்தம் திரும்பக் காலுக்கு இறங்கி, பிரஷர் சரிகிறது. குளியலறைக் கதவில் நடந்தது, குளத்தின் ஏணியில், ஈரத் தரையில், மறுபடி நடக்கும். கடைசிப் படியில் இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கைப்பிடியோடு ஏறி, நேராக ஒரு நாற்காலிக்கு வர வேண்டும்.

மார்பளவு ஆழத்தில், சுவரை ஒட்டி, காலையிலோ மாலையிலோ நீந்தட்டும். இன்சுலின் போடுபவர் என்றால் முன்னதாகச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். ஆறு, ஏரி, கடல் வேண்டாம். மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்து, இரண்டு அடி கீழே சில்லென்று இருக்கும் இடங்கள் அவை. இழுப்பும் கண்ணுக்குத் தெரியாது.

தனியாக மட்டும் ஒருபோதும் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே இருக்காது. வாய் நீர்மட்டத்தில் இருக்கும், மூச்சு வாங்கவே நேரம் போதாது, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். கூடப் போகிறவர் போனைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த ஒரு நண்பர் கூட வந்தால் நல்லது. மகள் காவலுக்கு வருகிறாள் என்பதைவிட அது அவருக்குச் சங்கடமில்லாமலும் இருக்கும்.

கடைசியாக, எப்போது ஓட வேண்டும் என்பது. தலைவலி, குமட்டல், களைப்பு, காலில் பிடிப்பு, நிறைய வியர்வை, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால், குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தோலை நனைத்து, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அது வெப்பத்தாக்கு, உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கலாம். தோல் காய்ந்துதான் இருக்கும் என்று இல்லை, வியர்த்தும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் குளிரவையுங்கள். உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது கேட்காது. குழறலோடு முகம் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ பக்கவாதமாகவும் இருக்கலாம், அதற்கும் ஆம்புலன்ஸ்தான்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் தானாக வாங்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை, வலி மாத்திரையும் அதில் இருக்கட்டும். அவற்றில் சில வியர்வையைக் குறைப்பவை, சில நீர் வற்றிய சிறுநீரகத்தைக் கெடுப்பவை. படுத்தும் நின்றும் எடுத்த பிரஷர் எண்களைக் காட்டுங்கள். கோடை முடியும்வரை மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும், சோடியமும் சிறுநீரகமும் பார்க்க இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பதிலை மருத்துவர் அப்பாவிடமே சொல்லட்டும். பிறகு அவர் இரண்டு நிமிடம் மருத்துவரோடு தனியாகப் பேசும்படி நீங்கள் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.